ராக் கிராலருக்குக் கார்பன் ஃபைபர் லிங்க் நாமே செய்வது எப்படி?

மஞ்சக்குப்பம்_கிராலர் எழுதியது:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 313 எம்எம் வீல்பேஸ் உள்ள 1/10 அளவு ராக் கிராலர் (பாறையில் ஏறும் ரிமோட் கார்), பேட்டரியோடு சேர்த்து 2.8 கிலோ. ஆக்ஸிலை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் லிங்க் கம்பிகள் பின்பக்கம் ஃபோர் லிங்க், முன்பக்கம் த்ரீ லிங்க், கூட ஒரு பேன்ஹார்ட் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி). கிட்டோடு வந்த பிளாஸ்டிக் லிங்க்தான் இன்னும் மாட்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுச்சேரி பீச் ரோட்டுக்குப் போய், கடல் ஓரமாகக் கொட்டியிருக்கும் கருங்கல் குவியலில் ஓட்டுவோம். பெரிய கல்லில் முன் சக்கரம் ஏறி, பின் சக்கரம் பிடித்துத் தள்ள ஆரம்பிக்கும்போது பின்பக்க மேல் லிங்க் இரண்டும் வில்லாக வளைகின்றன. ஆக்ஸில் அப்படியே முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கு (ட்ரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) மேலே தூக்குகிறது, ட்ரைவ் ஷாஃப்ட் கடகடவென்று சத்தம் போடுகிறது. த்ரொட்டிலை விட்டால் டப்பென்று பழைய இடத்துக்கு வந்து விழுகிறது. அந்த ஒரு உதறலிலேயே வண்டி பிடியை விட்டுவிட்டு வழுக்கி இறங்கிவிடுகிறது.

அலுமினியம் லிங்க் செட்டாகவே கிடைக்கிறது, தெரியும். ஆனால் கார்பனில் நானே செய்து போட வேண்டும் என்று ஆசை. ட்ரோன் கட்டும் நண்பர் ஒருவர் ஒரு மீட்டர் கார்பன் குழாய் கொடுத்திருக்கிறார், வெளிவிட்டம் 8, உள்விட்டம் 6, மேலே பாய் பின்னியது மாதிரிக் கட்டம் தெரிகிறது. வீட்டில் உடைந்த பேட்மிண்டன் ராக்கெட் தண்டு ஒன்றும் இருக்கிறது. முனையில் எம்3 (3 எம்எம்) மரை எப்படி வைப்பது, எந்தப் பசை பிடிக்கும், எதை வைத்து அறுப்பது? கார்பன் தூள் உடம்புக்கு ஆகாது என்று அம்மா எங்கேயோ படித்துவிட்டு வீட்டுக்குள் அறுக்கவே கூடாது என்கிறார், அது எவ்வளவு உண்மை என்றும் சொல்லுங்கள்.

வில்லியனூர்_ஆர்சி எழுதியது:

ப்ரோ, எட்டு லிங்க்கையும் கார்பனில் போட நினைத்தால் வேண்டாம். கீழ் லிங்க் கல்லில் உரசி உரசி ஒரே மாதத்தில் நார் நாராகப் பிரிந்துவிடும். மேல் லிங்க்குக்கு மட்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், நன்றாக இருக்கும். தூள் விஷயத்தில் அம்மா சொல்வதுதான் சரி.

கரடுமுரடு எழுதியது:

தம்பி, முதலில் கார்பன் எதற்கு என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நிறையப் பேர் எடை குறையும் என்று நினைத்து இதில் இறங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் எடையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

100 எம்எம் நீளத்துக்கு 6 எம்எம் கெட்டி அலுமினியக் கம்பி ஏறக்குறைய 7.6 கிராம். உங்கள் 8க்கு 6 கார்பன் குழாய் அதே நீளத்துக்கு 3.5 கிராம். பாதிக்கும் கீழே என்று தோன்றும். ஆனால் இரண்டு முனையிலும் உள்ளே ஒட்டும் உலோக இன்சர்ட் (மரை போட்ட துண்டு), பசை எல்லாம் சேர்ந்தால் 5 கிராமைத் தாண்டிவிடும். லிங்க்குக்கு 2 கிராம்தான் லாபம், மூன்று கிலோ வண்டியில் இது கண்ணுக்கே தெரியாது. லாபம் இருப்பது விறைப்பில். கெட்டிக் கம்பியை விட விட்டம் கூடிய குழாய் வளைவதற்கு நன்றாக எதிர்த்து நிற்கும். 6 எம்எம் கெட்டி அலுமினியத்தோடு வைத்துப் பார்த்தால் உங்கள் குழாய் இரண்டு மடங்குக்கு மேல் விறைப்பு. பிளாஸ்டிக்கோடு ஒப்பிடவே வேண்டாம். நீங்கள் சொல்லும் பினியன் மூக்குத் தூக்குவது, உதறல், இரண்டுமே மேல் லிங்க் விறைப்பில்லாததால் வருவது. ஆக்ஸில் தன்னைத் தானே சுற்றிக்கொள்ளாமல் பிடித்து நிறுத்துவது மேல் லிங்க்தான், அதனால் அங்கே கார்பன் போட்டால் கைமேல் பலன் தெரியும்.

கீழ் லிங்க் கதை வேறு. அது இழுப்பதும் தள்ளுவதும் மட்டும் செய்வதில்லை, வண்டியின் சறுக்குப் பலகையும் அதுதான். வண்டி நடுவில் கல் மாட்டினால் முழு எடையும் கீழ் லிங்க்கின் நடுவில் உட்காருகிறது. சும்மா உட்காருவதால் கார்பனுக்கு ஒன்றும் ஆகாது. 110 எம்எம் லிங்க்கின் நடுவில் 3 கிலோவை வைத்தால் 8க்கு 6 குழாயில் வரும் வளைவு அழுத்தம் ஒரு சதுர எம்எம்முக்கு 24 நியூட்டன்தான், நல்ல குழாய் பல நூறு தாங்கும். அடி வாங்கும்போதுதான் சிக்கல். ஒரு முழம் உயரத்தில் இருந்து வண்டி விழுந்து, கல்லின் கூர்முனை 1 எம்எம் சுவரில் ஒரே புள்ளியில் குத்தினால் அலுமினியம் நசுங்கி வளையும், அதை நிமிர்த்தி வீடு வரைக்கும் ஓட்டி வரலாம். கார்பன் வளையாது, விரிசல் விடும். வெளியே மயிர்க்கோடு மாதிரித் தெரியும், உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். அடுத்த ஏற்றத்தில் படக்கென்று போய்விடும்.

அதோடு கிராலரில் கீழே எடை இருப்பது நல்லது. சக்கரத்துக்குள் பித்தளை எடை போடுகிறோமே, அதே காரணம்தான். கீழே நான்கு லிங்க்கையும் 6 எம்எம் ஸ்டெயின்லெஸ் கம்பியில் போட்டால் 100 எம்எம்முக்கு 22 கிராம் வீதம், அலுமினியத்தை விட மொத்தம் 58 கிராம் போல வண்டியின் அடிவயிற்றில் கூடுகிறது. சாய்ந்த கல்லில் பக்கவாட்டில் கவிழாமல் நிற்க அது உதவும். எனவே மேலே கார்பன், கீழே ஸ்டெயின்லெஸ். கீழே எடையை விட வழுக்கல்தான் முக்கியம் என்றால் டெல்ரின் என்ற வழுவழுப்பான பிளாஸ்டிக் கம்பி போடுங்கள், கல் அதைக் கவ்வாது. என் வண்டியில் இப்போது மேலே கார்பன், கீழே டெல்ரின். ஆனால் பீச் ரோட்டுக் கல் மாதிரிப் பெரிய கல்லுக்கு ஸ்டெயின்லெஸ்தான் என்பது என் கருத்து.

கட்டம் தெரிகிறது என்றீர்களே, அது சுற்றிச் செய்த குழாயாகத்தான் இருக்கும், நல்லது. அறுத்த முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், வட்டமாக அடுக்கடுக்காகத் தெரிந்தால் சந்தேகமே இல்லை. காற்றாடிக் கம்பி என்று விற்கும் மலிவான குழாயில் நார் எல்லாம் நீளவாக்கிலேயே ஓடும். அதை இழுத்தால் பலம், ஆனால் குறுக்கே பிடித்து வைக்க எதுவும் கிடையாது. உள்ளே இன்சர்ட்டைக் கொஞ்சம் இறுக்கமாகத் தள்ளினாலே மூங்கில் மாதிரி நீளத்துக்குப் பிளக்கும். அந்த வகையை லிங்க்குக்கு எடுக்கவே கூடாது.

லேத்_புதுவை எழுதியது:

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், இன்சர்ட் பற்றி மட்டும் சொல்கிறேன்.

குழாயின் உள்விட்டத்தை வெர்னியரில் நீங்களே அளந்து பாருங்கள். 6 என்று எழுதி 5.9ம் வரும், 6.1ம் வரும். சரியாக 6 என்றால் இன்சர்ட்டை 5.6க்குக் கடையுங்கள். நிறையப் பேர் தட்டி இறக்கும் அளவுக்கு இறுக்கமாகக் கடையச் சொல்லி வருகிறார்கள், அது தப்பு. இறுக்கமாக இருந்தால் உள்ளே போகும்போதே பசையை முழுக்க வழித்து முன்னால் தள்ளிக்கொண்டு போய்விடும், சுவரில் ஒன்றும் மிஞ்சாது. சுற்றிலும் 0.2 எம்எம் இடம் வேண்டும். அந்த இடம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்க ஒரு வழி உண்டு. மெல்லிய தங்கூஸ் நரம்பை, 0.16 மாதிரி, இன்சர்ட் மேல் இரண்டு மூன்று சுற்று அகலமாகச் சுற்றிவிட்டு இறக்குங்கள். வலை கட்டுகிறவர்களிடம் துண்டு நரம்பு சும்மாவே கிடைக்கும். இன்சர்ட் நடுவில் நிற்கும், அலுமினியமும் கார்பனும் நேராகத் தொடவும் தொடாது. அந்தத் தொடுதல் ஏன் கூடாது என்று கீழே யாராவது எழுதுவார்கள், இல்லாவிட்டால் நானே எழுதுகிறேன்.

இன்சர்ட் உள்ளே போகும் நீளம் 15 எம்எம் இருக்கட்டும். வெளிமுனையில் 8 விட்டத்துக்கு 1 எம்எம் காலர் (விளிம்பு) விடுங்கள், அது குழாயின் வாயை மூடிக் காக்கும், நீளமும் பிசகாது. காலருக்குப் பின்னால் கடைசல் உளியை வைத்து லேசாக இரண்டு மூன்று காடி இழுத்துவிட்டால் பசைக்குப் பிடி கிடைக்கும், ஆழமாக வேண்டாம். எம்3க்கு 2.5 ட்ரில். ட்ரில் முழு நீளத்துக்கும் ஓட்டை விழட்டும், மரை வெட்டும் டேப்பும் முடிந்தவரை ஆழமாகப் போகட்டும். அடைத்த ஓட்டையாக விட்டால் இரண்டாவது முனையை ஒட்டும்போது வேடிக்கை பார்க்கலாம்: உள்ளே சிக்கின காற்று அமுங்கி, நீங்கள் கையை எடுத்ததும் இன்சர்ட்டை மெல்ல வெளியே தள்ளும். பசை காய்ந்தபின் பார்த்தால் காலருக்கும் குழாய்க்கும் நடுவில் அரை எம்எம் சந்து. ஓட்டை முழுசாக இருந்தால் காற்று அதன் வழியாகவே போய்விடும். ஒட்டும்போது மட்டும் மரைக்குள் பசை போகாமல் இருக்க, மெழுகு தடவிய எம்3 ஸ்க்ரூ ஒன்றைக் கொஞ்சமாகச் செருகி வையுங்கள், காற்றுக்கு வழி விடும் அளவுக்குத் தளர்வாக.

அறுப்பதற்கு: குறி போட்ட இடத்தில் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, டேப்பின் மேலேயே அறுக்க வேண்டும். பல் பெரிய ஹேக்ஸா பிளேடு நாரைப் பிய்க்கும். கை மோட்டாரில் மெல்லிய கட்டிங் டிஸ்க் போட்டு, தண்ணீரை விட்டுக்கொண்டே அறுத்தால் முனை கண்ணாடி மாதிரி வரும், தூளும் பறக்காது. பிறகு 400 நம்பர் உப்புத்தாளைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, தண்ணீரோடு முனையைச் சதுரமாகத் தேய்த்து எடுங்கள்.

முதுநகர்_ஃபைபர்போட் எழுதியது:

கடலூர் முதுநகரில் ஃபைபர் போட் வேலை, பதினாறு வயதில் இருந்து ரெசினில்தான் கை. தம்பி பசை பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

துறைமுகம் பக்கம் கடைகளில் கேனில் கிடைப்பது பாலியெஸ்டர் ரெசின், படகுக்குப் போடுவது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை எடுத்து லிங்க் ஒட்டாதீர்கள். அது கண்ணாடி இழை மேட்டையும் துணியையும் நனைத்து ஓடு செய்வதற்கு நல்ல சரக்கு, உலோகத்தை ஒட்டுவதற்கு இல்லை. காயும்போது சுருங்கும், அலுமினியத்தில் இருந்து சட்டென்று விட்டு வரும். கார்பனுக்கும் அதற்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், எங்கேயாவது ரெசின் வேலை செய்யப் போனால் காய்வதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்து முடித்துவிட்டுத்தான் ஹார்டனரை விட வேண்டும். பட்டறையில் புதுப் பையனுக்கு முதல் நாள் முதல் பாடம் இதுதான்.

உங்களுக்கு வேண்டியது எபாக்ஸி. அரால்டைட்டில் மெதுவாகக் காயும் சாதாரண வகையே போதும், ராத்திரி முழுக்கக் காய வேண்டியது. ஐந்து நிமிஷத்தில் காயும் வகையை எடுக்காதீர்கள், சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது சீக்கிரம் தளர்ந்துவிடும், இரண்டு முனையையும் நேர் பார்த்து வைக்க நேரமும் தராது. காசு செலவழிக்க முடியும் என்றால் 3எம் டிபி420 மாதிரிக் கடினப்படுத்திய எபாக்ஸி இன்னும் நல்லது, அடி தாங்கும்.

எந்தப் பசை என்பதை விட ஒட்டும் இடத்தைத் தயார் செய்வதுதான் வேலையில் முக்கால் பாகம். கார்பன் குழாய் செய்யும்போது உள்ளே இரும்புத் தண்டில் மெழுகு மாதிரி ஒன்றைப் பூசித்தான் சுற்றுவார்கள், சுலபமாக உருவி எடுப்பதற்கு. அந்த வழுவழுப்பு உள்சுவரில் அப்படியே இருக்கும். 180 நம்பர் உப்புத்தாளை ஒரு குச்சியில் சுற்றி, வாயில் இருந்து 20 எம்எம் ஆழம் வரைக்கும் பளபளப்புப் போய்ச் சாம்பல் நிறம் வரும்வரை தேயுங்கள். அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள், துணி கறுப்பாக வந்தால் இன்னொரு துணி, அது வெள்ளையாகவே வரும்வரை. தின்னர் வேண்டாம், சிலவற்றில் எண்ணெய்ப் பசை இருக்கும். அலுமினிய இன்சர்ட்டையும் அதே மாதிரித் தேய்த்துத் துடைத்து, துடைத்த உடனே பசை போடுங்கள். காலையில் தேய்த்துவிட்டுச் சாயங்காலம் ஒட்டினால் அதற்குள் மேலே புது ஆக்சைடு பிடித்திருக்கும். துடைத்தபின் விரல் படக்கூடாது, நம் ஊர் வியர்வை பசைக்கு எமன்.

பசையை இரண்டு பக்கமும் பூசுங்கள், குழாய்க்குள்ளும் இன்சர்ட் மேலும். மெல்லத் திருகிக்கொண்டே இறக்குங்கள். காலரைச் சுற்றிலும் ஒரே மாதிரி மெல்லிய வளையமாகப் பசை பிதுங்கி வந்தால் உள்ளே நிறைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் வந்தால் வெளியே எடுத்து மறுபடியும் பூசுங்கள்.

இப்படி ஒட்டிய இணைப்பை இழுத்துப் பிய்க்க முடியுமா என்று கவலையே வேண்டாம். 6 விட்டம், 15 நீளம் என்றால் ஒட்டும் பரப்பு 280 சதுர எம்எம் வருகிறது. சதுர எம்எம்முக்கு 10 நியூட்டன் மட்டுமே தாங்குகிறது என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 280 கிலோ கணக்கு. மூன்று கிலோ வண்டியால் அதை அசைக்க முடியாது. விட்டு வந்தால் சுத்தம் செய்யாததால் விட்டு வரும், அல்லது உப்பால் வரும்.

உப்பு என்றதும் லேத் அண்ணன் விட்ட இடத்துக்கு வருகிறேன். கார்பன் மின்சாரம் கடத்தும். அலுமினியமும் கார்பனும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் சின்ன பேட்டரி மாதிரி ஆகி அலுமினியம் அரிக்கும், வெள்ளை மாவு மாதிரிப் பூத்து வரும். அது பூக்கும்போது இடம் அடைத்து, பசையை உள்ளிருந்தே பெயர்த்துவிடும். நீங்கள் ஓட்டுவது பீச் ரோட்டில், அலைச் சாரல் நாள் முழுக்கப் படும் கல். அதனால் அந்த நரம்பு சுற்றும் வேலையை விட்டுவிடாதீர்கள். காலருக்கும் குழாய் முனைக்கும் நடுவிலும் பசை இருக்க வேண்டும், காலர் நேராக முனையில் உட்காரக் கூடாது. ஓட்டி முடித்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வையுங்கள்.

கரடுமுரடு எழுதியது:

ஃபைபர்போட் அண்ணன் சொன்னதோடு ஒன்று. கடல் பக்கம் ஓட்டுகிறவர் இன்சர்ட்டை ஸ்டெயின்லெஸ்ஸிலேயே கடைந்துவிடலாமே? கார்பனோடு அலுமினியம் அளவுக்குச் சண்டை போடாது. லிங்க்குக்கு எடை மூன்று நான்கு கிராம் கூடினால் கூடட்டும், மரையும் தேயாது.

லேத்_புதுவை எழுதியது:

கடையலாம். ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸில் 2.5 ஓட்டை போட்டு எம்3 டேப் அடிப்பது பொறுமையான வேலை, டேப் ஒடிந்து உள்ளே மாட்டினால் அந்தத் துண்டு அவ்வளவுதான். பட்டறையில் அலுமினியத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு கூலி கேட்பார்கள். நரம்பு சுற்றி ஒழுங்காக ஒட்டி, நல்ல தண்ணீரில் அலசுகிறவருக்கு அலுமினியமே போதும் என்பேன். ஆனோடைஸ் (மின்முறையில் ஆக்சைடு ஏடு ஏற்றுவது) செய்ய வழி இருந்தால் இன்னும் நல்லது. கை சுத்தம் இல்லாதவர் ஸ்டெயின்லெஸ்ஸுக்குப் போகலாம்.

மஞ்சக்குப்பம்_கிராலர் எழுதியது:

அண்ணன்களே, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, ரொம்ப நன்றி. மேலே மட்டும் கார்பன் என்று முடிவு செய்துவிட்டேன், பின்பக்கம் இரண்டு, முன்பக்கம் ஒன்று. கீழே ஸ்டெயின்லெஸ் கம்பி.

இன்னும் மூன்று சந்தேகம். ராக்கெட் தண்டு பயன்படுமா? வண்டியைக் காரின் பின்பக்கக் கண்ணாடிக்குக் கீழே வைத்துத்தான் புதுச்சேரிக்குக் கொண்டு போகிறோம், கத்திரி வெயிலில் பசைக்கு ஒன்றும் ஆகாதா? குழாயை எவ்வளவு நீளத்துக்கு அறுப்பது என்பதும் குழப்பமாக இருக்கிறது.

முதுநகர்_ஃபைபர்போட் எழுதியது:

வெயில் பற்றி நல்லவேளையாகக் கேட்டீர்கள். சாதாரணச் சூட்டில் காயும் எபாக்ஸி 50, 60 டிகிரியைத் தொட்டால் இறுக்கம் தளர ஆரம்பிக்கும். மே மாத மதியத்தில் மூடிய காரின் கண்ணாடி ஓரம் அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தாண்டும். வண்டி சும்மா நிற்கும்போது பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனால் சூடாக எடுத்த கையோடு கல்லில் ஏற்றாதீர்கள், நிழலில் கொஞ்ச நேரம் ஆற விடுங்கள். இருக்கைக்குக் கீழே வைத்துக் கொண்டு போவது அதைவிட நல்லது. இன்னொரு வழியும் இருக்கிறது. ஒட்டி ஒரு ராத்திரி முழுக்கக் காய்ந்தபின், மறுநாள் மொட்டை மாடியில் ஒரு தகரத் தட்டில் வைத்துப் பகல் முழுக்க வெயில் காட்டுங்கள். காய்ந்த எபாக்ஸிக்கு மறுபடியும் சூடு கொடுத்தால் இன்னும் இறுகும், தளரும் சூடும் கொஞ்சம் மேலே ஏறும். படகில் எபாக்ஸி வேலை செய்தால் நாங்களும் வெயில் காட்டாமல் விடமாட்டோம்.

கரடுமுரடு எழுதியது:

ராக்கெட் தண்டு பெரும்பாலும் 7 எம்எம் விட்டத்தில் இருக்கும், சுற்றிச் செய்ததுதான், சரக்கு நல்ல சரக்கு. ஆனால் அது உடைந்த ராக்கெட். உடைந்த இடத்தில் இருந்து தள்ளியும் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம், வெளியே பெயிண்ட் மூடியிருப்பதால் தெரியாது. நகத்தால் அல்லது ஒரு ரூபாய்க் காசால் நீளத்துக்குத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்கும் இடம் நல்ல இடம், சத்தம் மந்தமாகும் இடத்தை ஒதுக்கிவிடுங்கள். உள்விட்டமும் வேறாக இருக்கும், இன்சர்ட்டைத் தனியாகக் கடைய வேண்டும். எனக்கென்றால் அதைப் பேன்ஹார்டுக்கு வைத்துக்கொண்டு, மேல் லிங்க்குக்கு அந்த ட்ரோன் குழாயையே எடுப்பேன். தூண்டில் கம்பை அறுத்துச் செய்யலாமா என்று அடுத்ததாக யாராவது கேட்பார்கள், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து வரும், சுவர் ரொம்ப மெல்லிசு, இடுக்கியில் பிடித்தாலே நசுங்கும்.

தூள் விஷயம் யாரும் முழுசாகச் சொல்லவில்லை. என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஈரமாகவே அறுத்து ஈரமாகவே தேயுங்கள், வாசலில் உட்கார்ந்து செய்யுங்கள். தோலில் பட்டால் அரிக்கும், சூடான தண்ணீர் விடாமல் பச்சைத் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். வண்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறுக்காதீர்கள். அந்தத் தூளும் மின்சாரம் கடத்தும், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சிக்குள்ளோ ரிசீவருக்குள்ளோ போனால் ஷார்ட் ஆகிப் போய்விடும். ஊதி விடுவதும் வேண்டாம், ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.

லேத்_புதுவை எழுதியது:

நீளக் கணக்கு இதோ. லிங்க் நீளம் என்பது ராட் எண்டின் (லிங்க் முனையில் திருகும் பந்து மூட்டு) கண்ணில் இருந்து கண் வரை, பந்தின் நடு ஓட்டையில் இருந்து அடுத்த பந்தின் நடு ஓட்டை வரை. பழைய லிங்க்கைக் கழற்றி அப்படி அளங்கள். 110 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். ராட் எண்டைத் தனியாக எடுத்து, கண் நடுவில் இருந்து அதன் அடிவரை அளங்கள், 18 என்று வைப்போம். இரண்டு பக்கமும் 36 போக 74. இன்சர்ட் காலர் இரண்டுக்கும் 2 எம்எம் போக 72. குழாயை 72க்கு அறுத்தால் உள்ளே இரண்டு இன்சர்ட்டும் சேர்ந்து 30 எம்எம் பிடித்து, நடுவில் 42 எம்எம் வெற்றாக இருக்கும். காலருக்கும் குழாய்க்கும் நடுவில் பசை ஏடு ஏறுவதால் கால் எம்எம் அங்கே இங்கே ஆகும், அதை ராட் எண்டில் சரி செய்துகொள்ளலாம், எம்3 மரையில் ஒரு சுற்று அரை எம்எம்.

உங்களுக்குப் பினியன் ஏற்கெனவே மூக்குத் தூக்குவதால் பழைய நீளத்தை அப்படியே எடுக்காதீர்கள். சுமை இல்லாமல் நிற்கும்போது பினியன் எங்கே பார்க்கிறது என்று முதலில் பாருங்கள். ட்ரைவ் ஷாஃப்ட்டுக்கு நேராக இருந்தால் அதே நீளம் போதும், வளைவு நின்றதும் உதறலும் நின்றுவிடும். சும்மா நிற்கும்போதே கோணம் இருந்தால் மேல் லிங்க்கைச் சுற்றுச் சுற்றாகக் கூட்டியோ குறைத்தோ ஷாஃப்ட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள்.

ஜோடி லிங்க்கை ஒரே நேரத்தில் ஒட்டுங்கள். ஒரு மரப் பலகையில் இரண்டு எம்3 ஸ்க்ரூவைக் கண் தூரத்துக்கு நிமிர்த்தி அடித்து வைத்து, இரண்டு லிங்க்கையும் ஒன்றன் மேல் ஒன்றாக அதிலேயே மாட்டிக் காய விட்டால் நீளம் மயிரிழை கூட மாறாது. அப்புறம், ஸ்டட்டாக 20 எம்எம் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ) எடுங்கள், பாதி இன்சர்ட்டில், பாதி ராட் எண்டில்.

வில்லியனூர்_ஆர்சி எழுதியது:

ஒட்டி முடித்ததும் குழாய் மேல் ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை) ஒரு சுற்றுப் போடுங்கள், சின்னச் சின்ன உரசலுக்குத் தாங்கும். ஆனால் ஒளி ஊடுருவும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், கறுப்பு போட்டு மூடிவிட்டால் உள்ளே விரிசல் விட்டிருப்பது தெரியாது.

அப்புறம் எல்லோரும் இருப்பதால் கேட்கிறேன், அடுத்த மாதம் செஞ்சிப் பக்கம் ஒரு நாள் போகலாமா? பீச் ரோட்டுக் கல் ஒரே அளவில் கொட்டியது, செஞ்சிக் கல் ஆளுயரத்தில் இருந்து கைப்பிடி அளவு வரைக்கும் எல்லாம் கலந்து கிடக்கும், உப்பும் கிடையாது. கோட்டைக்குள் மட்டும் வண்டியை இறக்க வேண்டாம், தொல்லியல் துறை இடம், 2025இல் யுனெஸ்கோ பட்டியலிலும் வந்துவிட்டது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் மூன்றையும் சுற்றியுள்ள சுவரைத் தாண்டி வெளியே, யாருடைய நிலம் என்று கேட்டுக்கொண்டு ஓட்டலாம்.

முதுநகர்_ஃபைபர்போட் எழுதியது:

நான் வருகிறேன், என் பெரிய பையனையும் கூட்டி வருகிறேன். அதிகாலையிலேயே கிளம்பிவிடுவோம், பத்து மணிக்கு மேல் அந்தப் பாறையில் கை வைக்க முடியாது.

மஞ்சக்குப்பம்_கிராலர் எழுதியது:

நானும் வருகிறேன். லேத் சார், அளவு எடுத்துக்கொண்டு சனிக்கிழமை பட்டறைக்கு வரலாமா? ஆறு இன்சர்ட், அலுமினியத்திலேயே போதும், நரம்பு சுற்றி ஒட்டுகிறேன். ஒரு கேள்வி மட்டும் விட்டுப்போயிற்று. இரண்டு ராட் எண்டும் ஒரே தளத்தில் நிற்க வேண்டுமே, ஒன்று படுத்தும் ஒன்று நிமிர்ந்தும் நின்றால் எப்படி நேராக்குவது?

லேத்_புதுவை எழுதியது:

சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் வாருங்கள், குழாயை மறக்காமல் கொண்டு வாருங்கள், அளந்துவிட்டுத்தான் கடைவேன். ராட் எண்டை அரைச் சுற்று அரைச் சுற்றாகத்தான் திருப்ப வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒரே தளத்தில் நிற்கும். அதனால் நீளத்தை கால் எம்எம் படியில் மாற்றலாம், அதற்குக் கீழே போக முடியாது, போகவும் தேவையில்லை. கடைசி நிலையில் ஸ்டட்டுக்கு ஒரு சொட்டு நீல நிற த்ரெட் லாக் இன்சர்ட் பக்கம் மட்டும் போடுங்கள், பிளாஸ்டிக் ராட் எண்டில் படவே கூடாது, படும் இடத்தில் பிளாஸ்டிக் வெடித்துவிடும்.